இரண்டாவது ஊசிக்கு முன்னால்

அக்கா வீட்டு நாயைச் சாகடிக்க ஒரு டாக்டர் வேண்டும் என்று நான் கடலூரில் சில நாட்கள் அலைந்தேன். எதற்காக அலைகிறேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். மனிதருக்கே டாக்டர் வீடு தேடி வருவது பெரிய விஷயமாக இருந்தது. நாயைத் தீர்த்துக்கட்ட அக்கா இருந்த சிதம்பரத்தில் வேறு வழிகள் இருந்தன, எல்லோருக்கும் தெரிந்த வழிகள். நகராட்சிக்குச் சொல்லி அனுப்பினால் கம்பிச் சுருக்கோடு ஆட்கள் வருவார்கள். அது பிடிக்காதவர்கள் கோணிப்பையில் கட்டி எடுத்துப்போய் வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். மாமாவிடம் இன்னொரு வழி இருந்தது.

“கடையில எண்ட்ரின் இருக்கு மச்சான். நெல்லுக்கு அடிக்கிற மருந்து. சோத்துல ரெண்டு சொட்டு விட்டா முடிஞ்சிது. இதுக்குப் போயி கடலூர்லேந்து டாக்டரா? இன்னும் கொஞ்சம் போனா மெட்ராஸ்லேந்து நர்ஸ் கேப்பா உங்க அக்கா.”

மாமா என்றால் என் அக்காவின் கணவர். சிதம்பரத்தில் புவனகிரி போகும் சாலையில் உரக்கடை வைத்திருந்தார். அமோனியா மூட்டைகளும் பூச்சிமருந்து டின்களும் அடுக்கிய கடை. வீடு கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அவர் சொன்ன அந்த இரண்டு சொட்டைப் பற்றி எனக்குத் தெரியும். நான் ஒரு நாளிதழுக்குக் கடலூரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எண்ட்ரின் குடித்தவர்கள் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். செய்தியில் அது ‘விஷம் அருந்தி இறந்தார்’ என்று முடிந்துவிடும். வராந்தாவில் அவ்வளவு சீக்கிரம் முடியாது. உடம்பு வில்லாக வளையும், பற்கள் கிட்டிக்கொள்ளும், நினைவு மட்டும் விட்டு விட்டு வரும். அதை மாமாவிடம் சொன்னேன்.

“அது மனுசனுக்கு” என்றார்.

நாயை வாங்கி வந்தவர் அவர்தான். கிடங்கில் மூட்டைகள் களவு போகின்றன என்று குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு நாட்டுக்குட்டியைக் கொண்டுவந்தார். செம்மண் நிறம். முன்னங்கால் ஒன்று மட்டும் முழங்கால்வரை வெள்ளை. கிடங்கின் அமோனியா நெடி அதற்கு ஒத்துவரவில்லை. கட்டிப்போட்டால் இரவெல்லாம் தும்மியது. அவிழ்த்துவிட்டால் கடையிலிருந்து ஓடி, தேரோடும் வீதியைக் குறுக்கே கடந்து, வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டது. சில தடவை இழுத்துப் போய்ப் பார்த்துவிட்டு மாமா அதை விட்டுவிட்டார். அப்போதிலிருந்து அது அக்காவின் நாய். அவள் அதற்குப் பேர் வைக்கவில்லை. ‘கண்ணு’ என்று கூப்பிடுவாள். அந்தச் சொல்லை அவள் வேறு யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமாவுக்கு அது ஒரு தமாஷ். “உன் கண்ணு என் செருப்பத் தின்னுட்டான்” என்பார். “கண்ணுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சீட் வாங்கப் போற?” என்பார், வந்திருப்பவர்கள் முன்னால். அக்கா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

ஏழெட்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு நாயின் கீழ்த்தாடையில் ஒரு கட்டி வந்தது. முதலில் பட்டாணி அளவு. எலும்பு குத்தியிருக்கும் என்றார்கள். மஞ்சள் அரைத்துப் பூசினாள். கட்டி வாய்க்குள் வளர்ந்து பல்வரிசையைத் தள்ளியது. சிதம்பரத்தில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் நாயின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, புற்று, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வீட்டுக்கு வந்து ஊசி போட முடியுமா என்று கேட்டதற்கு, தாலுகாவில் உள்ள மாடுகளுக்கே தான் ஒருவன் போதவில்லை என்று சொல்லிவிட்டார். அதில் பொய் இல்லை.

அதன்பின் நாயால் மெல்ல முடியவில்லை. கொஞ்ச நாளில் நக்கிக் குடிக்கவும் முடியவில்லை. அக்கா பாலாடை வாங்கிவந்தாள். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். நாயின் தலையைத் தொடையில் சாய்த்து, கட்டி இல்லாத பக்கத்தில் உதட்டை விலக்கி, பாலாடையின் மூக்கை உள்ளே வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவாள். தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்து அடுத்த சொட்டு. கஞ்சி, பால், மறுபடி கஞ்சி. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வாயிலிருந்து சீழும் எச்சிலுமாக வடிந்து அவள் புடவை எப்போதும் நனைந்திருந்தது. நாற்றம் கூடத்துக்கு வந்தது. மாமா சாப்பாட்டை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார்.

நான் போனபோது நாய் கொல்லைத் தாழ்வாரத்தில் கிடந்தது. என்னைப் பார்த்து வாலை ஒருமுறை தூக்கித் தரையில் போட்டது. ஈ மொய்க்காமல் இருக்க அக்கா விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கையும் இளைத்திருந்தது.

“இனிமே முடியாது தம்பி” என்றாள். “ராத்திரில அழுவுது. சாவட்டும், நான் வேணாங்கல. ஆனா வலி தெரியாம சாவட்டும். இந்த வூட்டுலயே சாவட்டும், என் மடியில. சுருக்குப் போட்டு இழுத்துக்கிட்டுப் போவக் கூடாது. அவுரு சொல்ற மருந்தும் வேணாம். இது ஒண்ணு செஞ்சி குடு எனக்கு.”

அதற்கு முன்பு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

கடலூரில் சில நாட்கள் அலைந்தபின், மாட்டுக் கண்காட்சிச் செய்திகளுக்குப் போனபோது பழக்கமான ஒரு கால்நடை டாக்டரிடம் போனேன். மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தார். கேட்டதும் தட்டிக்கழிக்காமல் யோசித்தார். செய்யலாம், ஆனால் முறையாகச் செய்ய வேண்டும் என்றார். முறையை எனக்கு விளக்கினார். இரண்டு ஊசி. முதல் ஊசி தொடையில். அது வலியை மறக்கடித்துத் தூங்கவைக்கும். தூக்கம் ஆழமானதும் இரண்டாவது ஊசி காலில் ரத்தநாளத்தில். அது இதயத்தை நிறுத்தும். தூக்கம் கலையாமல் இருந்தால் இரண்டாவது ஊசியை நாய் அறியாது. கலைந்தால் அறியும். “எல்லாம் அந்த நடுவுல இருக்குற நேரத்துலதான்” என்றார்.

ஒரு நிபந்தனை வைத்தார். முந்தின ராத்திரியிலிருந்து நாயின் வாய்க்குள் எதுவும் போகக் கூடாது, தண்ணீர்கூட. முதல் ஊசி போட்டதும் தொண்டை மரத்துவிடும். விழுங்கும் சக்தி போய்விடும். அந்த நேரத்தில் வாயில் எது இருந்தாலும் மூச்சுக்குழலுக்குத்தான் போகும்.

அவர் சொன்னதை மாற்றாமல் அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அதற்கு எதுவும் இல்லை என்றால் எனக்கும் எதுவும் வேண்டாம் என்றாள். சனிக்கிழமை ராத்திரி அவளும் நாயும் பட்டினி.

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் டாக்டரோடு வந்தேன். பரங்கிப்பேட்டையில் ரயில் நெடுநேரம் நின்றது. மீன்கூடைகள் ஏறின. டாக்டர் தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு, காளைகளுக்கு வரும் கண்நோயைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஸ்டேஷனிலிருந்து குதிரைவண்டி.

மாமா வாசலில் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். வேட்டி புதிது. வெளியூர் டாக்டர் வருகிறார் என்பதற்காக.

“வாங்க சார், வாங்க. பேஷண்ட் உள்ள இருக்காரு. என்னா சாப்புடுறீங்க, காபியா, டீயா?”

டாக்டர் முதலில் வெந்நீர் கேட்டார். ஊசிக்குழல்கள் கண்ணாடி. அவற்றைக் கொதிக்கவைக்க வேண்டும். இரண்டாவது ஊசிக்கான மருந்து உப்புப் போலப் பொடியாக இருந்தது. அதைக் கொதித்த நீரில் கரைத்து, பஞ்சில் வடிகட்டி, கைச்சூட்டுக்கு ஆறவைக்க வேண்டும். முன்கூட்டியே கரைத்து வைத்தால் அடியில் தங்கிவிடும் என்றார். அதனால் முதல் ஊசி போட்டபின் சமையலறையில் நின்று அதைத் தயாரிப்பது அவர் வழக்கம்.

தாழ்வாரத்தில் அக்கா பாய் விரித்து, துவைத்த பழம்புடவையை அதன்மேல் போட்டு, நாயைக் குளிப்பாட்டித் துடைத்து மடியில் வைத்திருந்தாள். தெருவிலிருந்து இரண்டு மூன்று பெண்கள் வந்து கொல்லைக் கதவருகில் நின்றார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. சாவு வீடு என்றால் கூப்பிடாமல்தான் வர வேண்டும். நாயின் சாவு என்பதால் வருவதா வேண்டாமா என்று தெரியாமல் கதவுக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றார்கள். அதில் அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி. அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவள். இருவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்கள். அவள் கையில் மூடிய டம்ளர் ஒன்று இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டர் குனிந்து நாயின் தலையைத் தொட்டார். தொடையில் முதல் ஊசியைப் போட்டார். நாய் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தலையைச் சாய்த்தது. “கொஞ்ச நேரம் ஆவும்மா. பேசிக்கிட்டு இருங்க அதுங்கிட்ட. சத்தம் இல்லாம இருந்தா போதும்” என்றார். நானும் அவரும் சமையலறைக்குப் போனோம். மாமா மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து பார்த்தால் தாழ்வாரம் தெரியும். டாக்டர் பொடியைக் கரைத்துக்கொண்டிருந்தார். நான் பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாயின் மூச்சு நிதானமானது இங்கிருந்தே தெரிந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அதன் முகம் சுளிப்பில்லாமல் இருந்தது. அக்கா குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

அப்போது அடுத்த வீட்டுக்காரி தாழ்வாரத்துக்கு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் பேசியது பிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“ஏண்டி, வாய நனைக்காமயா அனுப்பப் போற?”

“ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு டாக்டரு.”

“டாக்டரு ஊசிக்குச் சொல்லுவாரு. உயிரு போறதப் பத்தி அவருக்கு என்னா தெரியும்? எங்க மாமியாருக்கு, நா ஒரு வா பால் ஊத்துனப்புறம்தான் அடங்குச்சி. வறண்ட வாயோட போனா அது போவாதுடி. இந்த வூட்டையே சுத்திச் சுத்தி வரும். இத்தினி நாளு நீதான ஊத்துன? கடைசியா ஒரு சொட்டு ஊத்துனா கொறஞ்சா போயிடும்?”

அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். டாக்டர் முதுகைக் காட்டி நின்றார். மாமா அடுப்போடு போராடிக்கொண்டிருந்தார், ஸ்டவ் பெரிதாக இரைந்தது. நான் பஞ்சிலிருந்து கண்ணை எடுத்தபோது டம்ளரிலிருந்து பால் பாலாடைக்கு மாறியிருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் நாலைந்து முறை செய்த காரியம். அவள் கை தானாகச் செய்தது. உதட்டை விலக்கியது, மூக்கை வைத்தது, சாய்த்தது. தொண்டை ஏறி இறங்க வேண்டும் என்று காத்திருந்தாள். அது ஏறவில்லை.

நான் கத்தினேன். டாக்டர் திரும்பினார்.

நாய்க்கு மூச்சு அடைத்தது. தண்ணீருக்குள் அழுத்தப்பட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. தூக்கம் முழுவதும் கலைந்து, ஆனால் கால்கள் மரத்துப்போய், எழுந்திருக்கவும் முடியாமல் அது புரண்டது. கண் திறந்திருந்தது. அக்கா அதன் வாய்க்குள் விரல் விட்டுப் பாலை வழித்தெடுக்கப் பார்த்தாள். அது கடித்தது. கோபத்தில் கடிக்கவில்லை, கவ்வியது. மூச்சுத் திணறுகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிப்பதுபோல. கட்டியால் தள்ளப்பட்ட பற்கள் அவள் கட்டைவிரலுக்குக் கீழே இறங்கின.

“விடுங்க, நகருங்க, நகருங்க!” என்று டாக்டர் கத்தினார். கொல்லைக் கதவருகில் நின்ற பெண்கள் போய்விட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி டம்ளரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். அதை நான் பார்த்தேன். மாமா ஓடிப்போய்க் காலி உரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து நாயின் தலையோடு போர்த்தி, முழங்காலால் அழுத்தினார். டாக்டர் பின்னங்காலில் ரத்தநாளத்தைத் தேடினார். நாய் உதறியதில் அது கிடைக்கவில்லை. மறுகாலில் தேடினார். மருந்து இன்னும் சரியாக ஆறியிருக்கவில்லை. கடைசியில் ஊசி ஏறியது. சாக்கு கொஞ்ச நேரம் ஏறி இறங்கியது. அப்புறம் நின்றது.

அக்கா கேட்டதில் ஒன்றே ஒன்று நடந்தது. அது வீட்டில் செத்தது.

டாக்டர் கிணற்றடியில் அவள் கையைச் சோப்புப் போட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றித் தானே கழுவினார். நல்லவர்தான். ஆனால் கழுவிக்கொண்டே அவர் கேட்ட கேள்விகள் வேறு விதமாக இருந்தன.

“எத்தன நாளா எச்சில் வடியுது?”

“ரெண்டு மாசமா சார். அந்தக் கட்டியாலதான்” என்றாள் அக்கா.

“வெளிய போச்சா? வேற நாய் எதுவும் கடிச்சிதா?”

“எந்திரிக்கவே முடியாம கெடந்துது சார். எங்க போவும்?”

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். “கட்டியாலதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா தோணுறத வச்சி நான் சொல்ல முடியாது. கடிச்ச நாய் உயிரோட இருந்தா பத்து நாளு கட்டிவச்சிப் பாக்கலாம். ஒண்ணும் ஆகலன்னா பயமில்ல. இப்ப அதுக்கு வழியில்லாமப் போச்சு. ஒண்ணு, தலைய எடுத்து ஐஸ்ல வச்சிப் பரிசோதனைக்கு அனுப்பணும். வெறி இல்லன்னு வந்துட்டா இவுங்க ஊசிய நிறுத்திக்கலாம். இல்லன்னா முழுக்கப் போட்டுக்கணும். வயித்துல.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. “எந்தத் தலைய?” என்று கேட்டாள்.

மாமாவுக்குப் புரிந்தது. “எடுத்துக்குங்க சார், தலைதான? செத்ததுக்கப்புறம் அதுக்கு என்னா தெரியப்போவுது. கடையில ஆளு இருக்கான், கத்தி இருக்கு. தெனமும் இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு அலைய என்னால ஆவாது. சீசன் நேரம்.”

அக்கா சாக்கை விலக்கி, நாயின் வாயைத் துடைத்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டி இருந்ததால் வாய் மூடவில்லை. தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“எனக்கே போடட்டும். எத்தினி வேணுமோ போடட்டும். அது மேல கத்தி வச்சீங்கன்னா நான் இந்த வூட்டுல இருக்க மாட்டேன்.”

பத்து வருஷத்துக்கு மேலான கல்யாணத்தில் மாமாவிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மாமா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ரயில் நேரத்தைக் கேட்டார்.

கொல்லையில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் புதைத்தோம். கடை ஆள் குழி வெட்டினான். அக்கா அந்தப் பழம்புடவையில் அதைச் சுற்றி இறக்கினாள். கையில் கட்டு நனைந்திருந்தது.

மறுநாளிலிருந்து அவள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் முடிந்தபோதெல்லாம் முதல் பஸ்ஸில் வந்து அவளோடு போனேன். முடியாத நாட்களில் தனியாகப் போனாள். மாமா ஒருநாளும் போகவில்லை. நாய்க்கடிக்கு என்று ஒரு பெஞ்சு இருந்தது. லால்பேட்டையிலிருந்து வந்த ஒருவர், வயலில் நரி கடித்த ஒரு கிழவர், அக்கா. ஊசி போடும் அறையில் மறைப்பு கிடையாது. மேசைமேல் படுத்துப் புடவையைத் தளர்த்த வேண்டும். தொப்புளைச் சுற்றித் தினமும் ஒரு புது இடம். நாலு நாளில் வயிறு கன்றிச் சிவந்து வீங்கியது. சாயங்காலம் காய்ச்சல் வரும். காய்ச்சலோடு சமைத்தாள்.

அந்த அறையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். யார் இருந்தாலும் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்பார்கள். பெண்களிடம் கேட்டே ஆக வேண்டும் என்பது அங்கே முறை.

“கடிச்ச நாய் உயிரோட இருக்கா?”

“இல்ல.”

“வயித்துல கொழந்த கிழந்த இருக்கா?”

“இல்ல.”

முதல் நாள் இரண்டாவது கேள்விக்கு அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து கேள்வி முடிவதற்கு முன்பே பதில் சொன்னாள். ஒரு நாள் புதிதாக வந்திருந்த ஒருவர், “நாய் எப்படிச் செத்துச்சு?” என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக் கேட்டார்.  “நான்தான் சாவடிச்சேன்” என்றாள். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. அடித்துக் கொன்றிருப்பாள் என்று நினைத்திருக்கலாம். “கடிச்சா அதுக்குன்னு அடிச்சிடக் கூடாதும்மா, கட்டிவச்சிப் பாக்கணும்” என்று புத்தி சொன்னார்.

வெளியே வந்ததும் அவளிடம் சொன்னேன். அது செத்தது ஊசியால், பாலால் இல்லை. டாக்டரிடமும் கேட்டுவிட்டேன், அவரும் அதைத்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள். “ஊசியாலதான் செத்துச்சு. ஆனா தூக்கத்துலேந்து எழுப்பி சாவடிச்சது நானு” என்றாள்.  நடந்தது அதுதான்.

தெருவில் வேறு கதை ஓடியது. அந்த வீட்டில் வெறிநாய் வளர்த்திருக்கிறார்கள், இரண்டு மாதம் மூடி வைத்திருக்கிறார்கள், கடைசியில் வீட்டுக்காரியையே கடித்துவிட்டது, வயிற்றில் ஊசி போடுகிறார்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாடவிடவில்லை. அக்காவிடம் மோர் வாங்கிப் போகிறவர்கள் வருவதை நிறுத்தினார்கள். கிணற்றில் தண்ணீர் எடுப்பதை முதலில் நிறுத்தியது அடுத்த வீட்டுக்காரி. நாயைக் கழுவிய தண்ணீர் மண்ணில் இறங்கிக் கிணற்றுக்குப் போயிருக்கும் என்று சொன்னாளாம். டம்ளரைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. நான் ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிடலாம் என்று போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவுங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க, விடு” என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள் என்பது எனக்கும் தெரியும். அதனால் என் கசப்பு குறையவில்லை. இன்றும் குறையவில்லை.

மாமாவுக்கு அது கல்யாண வீடுகளில் சொல்ல ஒரு கதையாயிற்று. நாய்க்கு ரெண்டு ஊசி, பொண்டாட்டிக்குப் பதினாலு ஊசி என்று ஆரம்பிப்பார். பந்தியே சிரிக்கும். “நான் அன்னிக்கே சொன்னேன், ரெண்டு சொட்டுல முடிஞ்சிருக்கும்னு. மச்சான் கேக்கல. பேப்பர்காரன் இல்லியா, எல்லாம் முறைப்படி நடக்கணும்” என்று முடிப்பார். கேட்டவர்கள் என்னைப் பார்ப்பார்கள். அக்கா பெண்கள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பாள்.

ஊசிகள் முடிந்து நான் போன ஒரு நாள், கிணற்றுக்கு அந்தப் பக்கம், புதைத்த இடத்தில், ஒரு வாழைக்கன்று இருந்தது. மாமா நட்டது. “எடம் வீணாப் போவுதேன்னு வச்சேன் மச்சான். எலும்பு உரம்னா சும்மாவா? கடையில மூட்ட மூட்டயா விக்கிறேன், எனக்குத் தெரியாதா?” என்றார். அவர் குரலில் வன்மம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். உரம் என்றால் அவருக்கு உரம்தான்.

அக்கா அதை மறுநாள் பிடுங்கி எறிந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதையும் பிடுங்கினாள். மறுபடி வைத்தார். அதற்கப்புறம் அவள் பிடுங்கவில்லை.  அந்த வருஷம் அவளுக்கு உடம்பு சரியாகவே இல்லை. எதிர்த்து நிற்க ஒரு அளவுக்குத்தான் தெம்பு இருக்கும்.

வாழை நன்றாக வளர்ந்தது. குலை பெரிதாகத் தள்ளியது. மாமா தெருவில் வீட்டுக்கு ஒரு சீப்பு கொடுத்தார். அடுத்த வீட்டுக்கும் கொடுத்தார், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நான் கிளம்பும்போது எனக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னார். அக்கா பழைய செய்தித்தாளில் அதைச் சுற்றி, சணல் கட்டி, என் பையில் வைத்தாள்.

“நீ சாப்ட்டியா?” என்று கேட்டேன்.

“எனக்கு வாழப்பழம் ஆவாது” என்றாள். சின்ன வயதில் அவள் வாழைப்பழம் தின்று நான் பார்த்திருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

புவனகிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது பொட்டலத்தை வெள்ளாற்றில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி வீச வேண்டும். வீசவில்லை. வீட்டில் என் மனைவியும் பிள்ளைகளும் தின்றார்கள். நானும் ஒன்று தின்றேன். நல்ல பழம். கொஞ்சம் புளிப்பு.